பழைய பெட்டியைக் கேட்டு வாங்குங்கள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் வைப்பர் தானாகவே ஓடத் தொடங்குவதும், இண்டிகேட்டர் வழக்கத்துக்கு மாறாகப் படபடவென்று துடிப்பதும், கதவுப் பூட்டுகள் யாரும் தொடாமலே திறந்து மூடுவதும், இரவெல்லாம் சும்மா நின்ற வண்டியின் பேட்டரி விடியும்போது உயிரற்றுக் கிடப்பதுமாகப் பல உபத்திரவங்கள் ஒரே காரில் ஒரே சமயத்தில் தோன்றுமானால், பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "பி.சி.எம். போயிடுச்சு சார், மாத்தித்தான் ஆகணும்" என்று தீர்ப்புக் கூறிவிடுவது இக்காலத்தில் சகஜமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு சில சமயம் நியாயமானதே. ஆனால் பெருஞ்செலவுக்கு வழிகோலும் ஒரு தீர்ப்பை, அதற்கு ஆதாரம் என்ன என்று ஒரு வார்த்தை கேளாமல் தலையாட்டி ஏற்றுக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றியிருப்பதால்தான் இதைப் பற்றிச் சற்று விஸ்தாரமாக எழுத வேண்டியிருக்கிறது.

பி.சி.எம். எனப்படும் பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்பது டாஷ்போர்டின் அடியில், பெரும்பாலும் ஃபியூஸ் பெட்டியை ஒட்டினாற்போல் அமர்ந்திருக்கும் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி. அம்பாஸிடர் காலத்துக் கார்களில் மின்சாரம் சுவிட்சின் வழியாகவே விளக்குக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போதைய கார்களிலோ சுவிட்ச் விண்ணப்பம் செய்வதோடு சரி, விளக்கை எரியவிடுவதும் விடாததும் இந்தப் பெட்டியின் அதிகாரம். ஹெட்லைட், வைப்பர், ஹாரன், பவர் விண்டோ, கதவுப் பூட்டு ஆகியவற்றோடு, சாவியை அடையாளம் கண்டு இன்ஜினைக் கிளப்ப அனுமதி தரும் இம்மொபிலைசர் காரியமும் பல மாடல்களில் இதனிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட கான் என்னும் முறைப்படி, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடும் இரண்டே கம்பிகளின் வழியாக இது இன்ஜின், பிரேக் முதலியவற்றின் கம்ப்யூட்டர்களோடு ஓயாமல் சம்பாஷித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே பெட்டி கெட்டால் பத்து இடத்தில் கோளாறு தெரியும். அந்தப் பெட்டிக்கு வரும் எர்த் கம்பி ஒன்று துருப்பிடித்தாலும் அதே பத்து இடத்தில் கோளாறு தெரியும் என்பதைத்தான் அவசரக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஸ்கேனர் காட்டும் கோட், இன்ன சர்க்யூட்டில் புகார் எழுந்தது என்ற அளவுக்கே பேசும். புகாருக்குக் காரணம் பெட்டியா, கம்பியா, பேட்டரியா என்பதை மல்டிமீட்டரும் பொறுமையும் உள்ள எலக்ட்ரீஷியன்தான் கண்டு சொல்ல வேண்டும். நல்ல பேட்டரி, வண்டி ஓய்ந்திருக்கையில் 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடுகையில் ஏறக்குறைய 14 வோல்ட் அளவிலும் நிற்க வேண்டும். நலிந்த பேட்டரியோடு ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட்டேஜ் சரிந்து, பெட்டி குழம்பி, சம்பந்தமில்லாத கோட்களை எல்லாம் பதிந்து வைத்துக்கொள்ளும். கதவுக்கும் பாடிக்கும் இடையே கம்பிகளைச் சுமந்து செல்லும் கறுப்பு ரப்பர் குழாயை விலக்கிப் பார்த்தால், ஆண்டுக்கணக்கில் கதவு திறந்து மூடியதில் மேலுறை வெடித்து, உள்ளே செம்பு பச்சை பூத்து, ஓரிழை மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும் ஒயரைக் காண நேர்வதுண்டு. வண்டி அசையும்போது தொட்டும் தொடாமலும் இருக்கும் அந்த ஓரிழையே பூட்டின் பேயாட்டத்துக்குப் போதுமான காரணம். வேம்பின் அடியிலும் புங்கின் அடியிலும் நிழலை உத்தேசித்து நிறுத்தப்படும் கார்களில், முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள வடிகால் துளைகளைச் சருகு அடைத்துக்கொள்வதால், மழைநீர் போக வழியின்றி உள்ளே இறங்கிக் கனெக்டர் பின்களில் களிம்பேற்றிவிடும். அந்த ஒழுக்கை அடைக்காமல் புதுப் பெட்டியை மாட்டினால், அடுத்த ஐப்பசியில் அதுவும் அதே கதியடையும். ஃபாக் லைட்டும் இரட்டை ஹாரனும் மாட்டும்போது ரிலே வைக்காமல், ஒரிஜினல் ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிவிடும் சாமர்த்தியசாலிகள் விளைவிக்கும் சேதத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

இத்தனையும் பார்த்தான பிறகும் பெட்டியே பழுது என்று நிச்சயமானால், அதை மாற்றுவது பழைய ரேடியோவைக் கழற்றிப் புதியதை வைப்பது போன்ற எளிய காரியம் அன்று. புதுப் பெட்டியில் உங்கள் வண்டியின் சேஸி எண்ணையும், அந்த மாடலில் என்னென்ன வசதிகள் உண்டு என்ற விவரத்தையும் எழுதி, சாவிகளையும் அதற்கு அறிமுகப்படுத்த வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தளர்ந்தால் புதுப் பெட்டியே பாழாகக்கூடுமாதலால், சார்ஜரின் துணையோடு செய்வதே முறை. எஸ்டிமேட்டில் பெட்டியின் விலையை மட்டும் குறித்துவிட்டு, கோடிங் கூலியையும் சாவிப் பதிவையும் பில்லில் சேர்ப்பது நடப்பதுதான். இருக்கிற சாவிகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பீரோவில் தூங்கும் இரண்டாம் சாவி பிற்பாடு பயனற்றுப் போகக்கூடும்.

விலைக்கு அஞ்சிச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளை நாடுவோர் உண்டு. அதைக் குறை சொல்ல நான் முன்வரமாட்டேன். ஆனால் பழைய பெட்டி, தான் பிறந்த காரின் சேஸி எண்ணையும் சாவி விவரத்தையும், சில மாடல்களில் ஓடிய கிலோமீட்டர் கணக்கையும்கூடத் தன்னுள் சுமந்து வரும். சில வகைகளை இன்னொரு காருக்கு மாற்றி எழுதவே இயலாது. "ஃபிட் ஆகலேன்னா திருப்பி எடுத்துக்கிறேன்" என்ற வாய்வார்த்தையைப் பில்லில் எழுதி வாங்காதவர், பிறகு யாரையும் நொந்துகொள்ளக் காரணமில்லை. இதைவிட உசிதமான வழி, நம்முடைய பெட்டியையே போர்டு ரிப்பேர் தெரிந்தவரிடம் காட்டுவது. ரிலே ஒட்டிக்கொண்டதோ சால்டர் விட்டுப்போனதோ காரணமாயின், அதைச் சரி செய்து மீண்டும் மாட்டும்போது சாவி விவரங்கள் அப்படியே இருக்கும். கோடிங் செலவும் பெரும்பாலும் மிச்சம். பழுது தீரும்வரை இரவுப் பிரயாணம் வேண்டாம். நெடுஞ்சாலையில் ஹெட்லைட் திடீரென்று அணைந்தால் நேரும் விபரீதத்துக்கு எந்தச் சட்டத்திலும் நிவாரணம் இல்லை.

சட்டம் நமக்குத் தரும் பாதுகாப்பு, ஜாப் கார்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே உயிர் பெறுகிறது என்பது என் அபிப்பிராயம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, விஷயத்தை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாடு என்கிறது. செய்த வேலைக்குப் பில் தராததை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. எனவே வண்டியை விடும்போதே, கோளாறு எப்போது, எந்த நிலையில் தோன்றுகிறது என்பதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, ஸ்கேனர் ரிப்போர்ட்டின் பிரதியையும், எர்த்தும் சப்ளையும் சோதிக்கப்பட்டன என்ற குறிப்பையும், புதுப் பெட்டிக்கு எத்தனை மாத வாரண்டி என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றிய பழைய பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். அச்சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி, சோதனையின்றிக் குறையை நிர்ணயிக்க முடியாதபோது பொருளைத் தகுந்த பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. பெட்டி பட்டறையின் குப்பைக் கூடைக்குப் போய்விட்டால் எதை அனுப்புவது? வாரண்டியில் இலவசமாக மாற்றினால் பழையது கம்பெனிக்குத் திரும்பிப் போவது வழக்கம். அப்போது அதன் லேபிளையும் பின்களையும் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். "வெளியில் ஒயரிங் பண்ணியிருக்கீங்க, வாரண்டி கிடையாது" என்று மறுத்தால், எந்த ஒயர் எந்த விதத்தில் பழுதுக்குக் காரணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த வண்டி வேறு விஷயம். சொந்தச் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் இருந்தால் வெள்ளச் சேதம் அதில் அடங்கும். தானாக நேரும் மின்பழுது அடங்காது. நீர் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்க்கும் ஆவலை அடக்கி, பேட்டரி கனெக்ஷனைக் கழற்றிவிட்டு, சர்வேயர் பார்வையிடும்வரை எதையும் பிரிக்காமல் வைப்பதே விவேகம். நியாயமான கோரிக்கையைக் கம்பெனி நிராகரித்தால், ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஒரே மாடலில் பலருக்கும் இதே பழுது என்று கேள்விப்பட்டால், சேஸி எண்ணைக் கொடுத்து ரீகால் உண்டா என்று டீலரிடம் விசாரியுங்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. வெளிப் பட்டறைகளுக்கு உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் கிடைக்காமல் செய்ததாக 14 கார் நிறுவனங்கள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்ததும், அது மேல்முறையீடுகளுக்குப் போனதும் பலருக்கு நினைவிருக்கலாம். 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே அரசு ஓர் இணையவாசலைத் திறந்தது. போட்டி ஆணைய வழக்கின் சாரம் இந்தச் சின்னப் பெட்டியில்தான் பிரத்தியட்சமாகத் தெரிகிறது: பெட்டியைக் கடையில் வாங்கிவிடலாம், அதை எழுப்பும் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் கையில் இருக்கும்வரை அது வெறும் பிளாஸ்டிக்தான்.

பட்டறையோடு உண்டான தகராறு பேச்சில் தீராவிட்டால், சர்வீஸ் மேனேஜருக்கும் உற்பத்தியாளருக்கும் கடிதம், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் என்று கிரமமாகப் போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், வக்கீல் இல்லாமலும் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்கென வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்றாலும், ஒரே டாக்ஸியைத் தாமே ஓட்டிப் பிழைப்பவர் விலக்கப்பட்டவர் அல்லர். மூன்று மாதத்துக்குள், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் வாய்தாக்கள் நீளும். பரிசோதனைச் சாலைக்கான கட்டணத்தை முதலில் மனுதாரரே கட்ட நேரும். நஷ்டஈட்டோடு அதையும் சேர்த்துக் கேட்டு மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.