காயலான் கடைக்குப் போகும் முன் ஒரு நிமிஷம்... தாத்தாவின் காருக்கு இப்போ செம மவுசு!

பழைய இரும்புக் கடைக்கு ‘காயலான் கடை’னு பேர் வந்தது எப்படித் தெரியுமா? தூத்துக்குடி மாவட்டத்து காயல்பட்டினத்துக்காரர்கள் அந்த வியாபாரத்தில் இருந்ததால்தான் என்பார்கள். அதே காயல் பக்கம்தான் ஒரு காலத்தில் முத்துக்கும் பேர் போனது. முத்து எது, வெறும் சிப்பி எது என்று பிரித்துப் பார்ப்பது இந்தக் கடற்கரைக்குப் புதுசில்லை. உங்க வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிற தாத்தாவின் காரையும் ஒருமுறை அப்படிப் பாருங்களேன்!

எதைத் தேடுகிறார்கள்?

அம்பாசடர்: 1957-ல் தொடங்கி 2014 வரை தயாரான கார். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் இதற்கு மூலம். ஊருக்கு ஊர் ஓடியதால் ஸ்பேர்ஸும், கைப்பக்குவம் தெரிஞ்ச மெக்கானிக்கும் இன்னும் கிடைக்கிறார்கள். ஆரம்பகால ‘மார்க் 1’ என்றால் தனி கிராக்கி.

பிரீமியர் பத்மினி: நம்ம பெரியவர்களுக்கு இது ‘ஃபியட்’தான். ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர், சின்னதா 1,089 சிசி இன்ஜின். மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினிகள் 2023-ல் ஓய்வுபெற்றபோது நாடே ஃபீல் பண்ணியது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு: இது நம்ம சென்னைத் தயாரிப்பு! வடிவமைத்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. பானெட் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எண்ணிக்கை குறைவு என்பதால் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் விடமாட்டார்கள்.

கான்டெஸா, மாருதி 800: 80-ஸ் கிட்ஸின் கனவுகள். 1983 டிசம்பரில் வந்த முதல் தலைமுறை மாருதியைத் தேடி அலைகிறவர்கள் இப்போ அதிகம்.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் மோரிஸ் மைனருக்குத்தான் மவுசு. அங்கே தயாரான மைனர் பாகங்கள், அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆகியிருக்கின்றன!

நம்ம ஊர் வில்லன்: உப்பு

உப்பளங்களும் துறைமுகமும் இருக்கிற ஊரில் காற்றே உப்பாகத்தான் வரும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் தகட்டில் துரு வேகமாகப் பரவும். இன்ஜின் போனால்கூட சரிபண்ணிடலாம். பாடியை துரு தின்றுவிட்டால்தான் டிங்கரிங் செலவு எகிறும்.

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனி சேஸிஸ் கிடையாது. பாடிதான் மொத்த எடையையும் தாங்குகிறது. அதனால் தரையில் ஓட்டை என்றால் அது அழகுப் பிரச்னை இல்லை, பாதுகாப்புப் பிரச்னை. ஹெரால்டுக்கு சேஸிஸ் தனி. பாடியைக் கழற்றி வேலை பார்க்கலாம்.

வாங்கவோ, விற்கவோ போகும் முன் இதைச் செய்யுங்க:

* மேட்டைத் தூக்கி தரையைப் பாருங்க. கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேல் வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி... இங்கேதான் தண்ணீர் தேங்கும்.
* சின்ன காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி பாடியில் வையுங்க. ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்குக் கீழே இருப்பது தகடு அல்ல, பட்டி!
* பல வருஷம் நின்ற காரை உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. பழைய பெட்ரோலை வடித்து, ஆயில் மாற்றி, இன்ஜின் கையால் சுற்றுகிறதா என்று மெக்கானிக் பார்த்த பிறகு சாவியைத் திருப்புங்க.

ஆர்.சி புக் எங்கே?

கார் பளபளன்னு இருந்து ஆர்.சி இல்லையென்றால் தலைவலிதான். சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சியோடு ஒத்துப்போக வேண்டும். தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றுகிற வேலையை முதலில் முடிச்சிடுங்க.

50 வருஷம் கடந்த வண்டிகளை ‘வின்டேஜ்’ வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். ஆனால், இரண்டு கண்டிஷன். வண்டி பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்கணும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. முதல் மாருதி 800-க்கு இந்தத் தகுதி 2033-ல்தான் வரும்.

அதனால் அலாய் வீல், புது டேஷ்போர்டு என்று உற்சாகத்தில் மாற்றிவிடாதீங்க. கழற்றிய ஒரிஜினல் ஹப் கேப், விளக்கு, மீட்டர் எதையும் தூக்கிப் போடாதீங்க. ரெஸ்டோர் பண்ணுகிறவர்கள் அலைந்து தேடுவது அதைத்தான்.

உங்களால் பராமரிக்க முடியாவிட்டால் தப்பே இல்லை, விற்றுவிடுங்க. ஆனால் எடை போட்டு விற்கும் முன், ரெஸ்டோர் பண்ணத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டு காட்டிடுங்க. ஷெட்டில் கிடப்பது முத்தாகவும் இருக்கலாம்!