புதிய பைல்களைத் தானே காப்பி செய்திடும் ஸ்கிரிப்ட்

தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ள ஓலைச் சுவடிகளில் பல, பழைய ஏட்டைப் பார்த்து மீண்டும் எழுதப்பட்ட படிகள். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், வடநாட்டுக்குப் பண்டிதர்களை அனுப்பி நூல்களை வாங்கவும் பிரதி எடுக்கவும் செய்தார். ஓலை என்றாவது ஒரு நாள் பூச்சி அரித்து உதிரும். இன்னொரு படி இருந்தால்தான் நூல் பிழைக்கும்.

நம் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்குக்கு ஓலையின் ஆயுள்கூடக் கிடையாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவைத் தாக்கியபோது, பல கிராமங்களில் மின்சாரம் வரவே பல நாட்கள் ஆயின. மின்சாரம் விட்டு விட்டு வந்தாலும், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தாலும் டிஸ்க் கெடலாம். அதில் உள்ள கல்யாணப் படங்களும், ஸ்கேன் செய்த சிட்டா அடங்கலும், நெல் கொள்முதல் ரசீதும் அதோடு போய்விடும்.

தினமும் நாமே காப்பி எடுக்கலாம், ஆனால் மறந்துவிடுவோம். இந்த வேலையை ஒரு ஸ்கிரிப்டிடம் விட்டுவிடலாம். புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒரு வரி போதும். விண்டோஸ் விஸ்டா முதல் விண்டோஸ் 11 வரை, இதற்கான ரோபோகாப்பி என்னும் கட்டளை உள்ளேயே தரப்பட்டுள்ளது.

டி டிரைவில் போட்டோ என்ற போல்டர் இருப்பதாகவும், யு.எஸ்.பி. மூலம் இணைத்த வெளி ஹார்ட் டிஸ்க் இ டிரைவாகத் தெரிவதாகவும் கொள்வோம். நோட்பேடைத் திறந்து, கீழ்க்காணும் வரியை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்திடவும்.

ரோபோகாப்பி டி:\போட்டோ இ:\காப்பி /இ /ஆர்:2 /டபிள்யூ:5 /எம்ஓடி:5

ரோபோ, காப்பி இரண்டையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுத வேண்டும். சாய்கோட்டுக்குப் பின் வருபவை தனித்தனி ஆங்கில எழுத்துகள். இ என்றால் உள் போல்டர்களும் சேரும். எம்ஓடி:5 என்பதுதான் காவல்காரர்; 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, மாற்றம் இருந்தால் மீண்டும் காப்பி செய்திடும். ஆர், டபிள்யூ இரண்டும், ஒரு பைலை காப்பி செய்ய முடியாதபோது 5 விநாடி இடைவெளியில் 2 முறை மட்டும் மீண்டும் முயலச் சொல்கின்றன. இவற்றை விட்டுவிட்டால் அது 10 லட்சம் முறை முயலும்!

சேவ் செய்கையில் ஆல் பைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, காவல் என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு, இறுதியில் புள்ளி, பி, ஏ, டி சேர்க்கவும். இந்த பைலில் இருமுறை கிளிக் செய்தால் கறுப்பு விண்டோ ஒன்று திறக்கும். அதை மினிமைஸ் செய்திடலாம். மூடினால் காவல் நின்றுவிடும். ஸ்டார்ட்அப் போல்டரில் இதற்கு ஷார்ட்கட் வைத்தால், கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கும்போதே இதுவும் தொடங்கும்.

மூன்று எச்சரிக்கைகள்:

1. எம்ஐஆர் என்ற ஆப்ஷனைச் சேர்க்க வேண்டாம். போட்டோ போல்டரில் தவறி அழித்த படத்தை, அது காப்பியிலிருந்தும் அழித்துவிடும்.

2. ஒரே டிஸ்க்கை சி, டி எனப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு காப்பி செய்வதில் பயனில்லை. டிஸ்க் கெட்டால் இரண்டும் போகும்.

3. 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை, இணைந்திருந்த வெளி டிரைவ்களையும் பூட்டியது. எனவே வாரம் ஒருமுறை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து, கழற்றி, தனியே வைக்கவும்.

பழுதான ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் முன்பு இருந்தது. படி எடுத்தபின் விட்ட நூல் மிஞ்சியது. எடுக்காமல் விட்டது வெள்ளத்தோடு போனது. கேமராவின் மெமரி கார்டை பார்மட் செய்திடும் முன், காப்பி போல்டரைத் திறந்து, படங்கள் சரியாகத் தெரிகின்றனவா என ஒருமுறை பார்த்துவிடுங்கள்.