பெரட்டில் குரல் கொடுக்காத பெயர்கள்
தரவுத்தளச் சேவைக் கணக்குகளை ஆளும் முறை

தோட்டத்தில் ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில், விடியற்காலைப் பெரட்டில் கிராணியார் செக்ரோலைத் திறந்து பெயர் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் எழும். எழாத பெயர் அன்றே தெரிந்துவிடும். செண்டாயான் வட்டாரத்தில் அந்நிலங்களின்மீது இன்று புதுநகரும் தொழிற்பேட்டையும் எழுந்துள்ளன. அங்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் கையாளும் பதிவேடு கணினித் தரவுத்தளமாகும். அதில் எக்காலத்தும் குரல் கொடுக்காத பெயர்கள் சில உண்டு. அவையே சேவைக் கணக்குகள்.

சேவைக் கணக்கு யாது?

மனிதர் நுழைவதற்கன்றி, ஒரு நிரல் நுழைவதற்காக உருவாக்கப்படும் கணக்கு சேவைக் கணக்கு எனப்படும். பள்ளிகளின் வருகைப் பதிவை இரவுதோறும் எடுத்து அறிக்கையாக்கும் நிரல் ஒன்றைக் கொள்வோம். அது உறங்குவதில்லை, கைப்பேசிக்கு வரும் உறுதிப்பாட்டு எண்ணைப் படித்துச் சொல்லவும் அதனால் இயலாது. ஆதலின் அதன் சாவி களவுபோனால், கேட்பாரின்றிக் கதவு திறந்துகொள்ளும்.

இவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. 2024ஆம் ஆண்டில் ஸ்நோஃபிளேக் என்னும் மேகத் தரவுத்தளத்தின் வாடிக்கையாளர் கணக்குகள் பல சூறையாடப்பட்டன. பாதிப்புக்கு உள்ளாகியிருக்கக்கூடிய ஏறத்தாழ 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. தரவுத்தளத்தின் பூட்டு உடைக்கப்பட்டதற்குச் சான்று இல்லை என ஆய்ந்த மாண்டியண்ட் நிறுவனம் தெரிவித்தது. வேறு கணினிகளிலிருந்து திருடப்பட்டு, நெடுங்காலம் மாற்றப்படாதிருந்த கடவுச்சொற்களே கதவைத் திறந்தன. அவற்றுள் சில 2020ஆம் ஆண்டிலேயே களவுபோனவை.

நான்கு கட்டளைகள்

தரவுத்தளத்தோடு பேசும் மொழி எஸ்.க்யூ.எல். ஆகும். 1970களில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பிறந்த அம்மொழியில், சேவைக் கணக்கின் வாழ்வு முழுவதையும் சில வினைச்சொற்களால் ஆளலாம். ஸ்நோஃபிளேக்கின் வழக்கத்தைக் கொண்டு அவற்றைக் காண்போம்.

முதலாவது ‘கிரியேட் யூசர்’, அதாவது பயனரை உருவாக்குதல். இங்கு ‘டைப்’ என்னும் பண்புக்குச் ‘சர்வீஸ்’ என மதிப்பளித்தால், அக்கணக்கு கடவுச்சொல்லால் நுழைய முடியாததாகிறது. மாற்றாக, இணைச்சாவி முறையைப் பயன்படுத்தலாம். பொதுச்சாவி தரவுத்தளத்தில் பதியப்படும். மறைச்சாவி நிரலிடமே இருக்கும். ‘காமெண்ட்’ என்னும் குறிப்பில் இக்கணக்குக்குப் பொறுப்பான பிரிவின் பெயரை எழுதிவைத்தல் நன்று.

இரண்டாவது ‘கிராண்ட்’, அதாவது உரிமை அளித்தல். உரிமைகளை முதலில் ஒரு பணிநிலைக்கு வழங்கி, அப்பணிநிலையைக் கணக்குக்கு அளிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டு நிரலுக்கு வருகை அட்டவணையைப் படிக்கும் உரிமை போதும். மதிப்பெண்ணும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் அதற்கு எதற்கு? மிகையாக அளித்ததை ‘ரிவோக்’ என்னும் கட்டளையால் திரும்பப் பெறலாம்.

மூன்றாவது ‘ஆல்டர் யூசர்’, அதாவது மாற்றியமைத்தல். சாவியைக் குறித்த காலத்தில் மாற்ற இது உதவும். ஒரு கணக்கில் ஒரே வேளையில் இரண்டு பொதுச்சாவிகளைப் பதியலாம். புதியதைப் பதிந்து, நிரல் அதற்கு மாறியபின் பழையதை நீக்கினால், பணி ஒரு நொடியும் தடைபடாது.

நான்காவது ‘டிராப் யூசர்’, அதாவது நீக்குதல். உடனே நீக்காமல், முதலில் ‘டிசேபிள்ட்’ எனக் கணக்கை முடக்கிச் சில நாள் காத்திருத்தல் அறிவுடைமை. எதிர்பாராத நிரல் ஏதேனும் நின்றுபோனால், கணக்கை மீண்டும் உயிர்ப்பிக்க வழி இருக்கும்.

பெயர் கூப்பிடும் கடமை

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாவது ‘ஷோ யூசர்ஸ்’ என்னும் கட்டளை. அது கணக்குகளையும் ஒவ்வொன்றும் கடைசியாக நுழைந்த நாளையும் பட்டியலிடும். இதுவே நம் காலத்துப் பெரட்டு. நெடுநாள் நுழையாத கணக்கு எது, பொறுப்பாளர் வேலையை விட்டுச் சென்றபின்னும் எஞ்சியிருப்பது எது எனத் திங்கள்தோறும் பார்த்தல் வேண்டும்.

நிரல் குரல் கொடுக்காது. ஆகவே, ஒவ்வொரு சேவைக் கணக்குக்கும் ‘இது என் பொறுப்பு’ என்று குரல் கொடுக்க ஒரு மனிதர் இருத்தல் வேண்டும். கட்டளைகளைக் கற்பிக்கும் ஆசிரியர் இப்பொறுப்பையும் சேர்த்தே கற்பிப்பாராக.