விளக்கம் கேட்கும் தங்கம்

பொழுது விடியும் முன்பே கோரமண்டல் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறவர்கள். 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு இங்குள்ள தமிழர்களில் பலருக்கு இதுதான் பிழைப்பு.

இவர்களின் பாட்டன்மார் வட ஆற்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கிய காலத்தில் ஒரு சட்டம் அவர்களை மிரட்டிக்கொண்டிருந்தது. மைசூர் அரசு 1897-ல் கொண்டுவந்தது. சுரங்கத் தங்கம் ஒருவரிடம் சிக்கினால், அது எப்படி வந்தது என்று அவரே விளக்க வேண்டும். விளக்க முடியாவிட்டால் தண்டனை. திருடியதைப் பார்த்த சாட்சி தேவையில்லை.

கூலித் தொழிலாளிக்கு அன்றே வந்துவிட்ட இந்த நியாயம், அரசு ஊழியருக்குத் தனிக் குற்றமாக வர 1964 ஆனது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் அந்த ஆண்டு சேர்ந்த பிரிவு, 1988-ன் புதிய சட்டத்தில் 13(1)(இ) ஆயிற்று. யார் லஞ்சம் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் இருந்த சொத்து, இடையில் வந்த வருமானம், செய்த செலவு, முடிவில் இருந்த சொத்து ஆகியவற்றைக் காட்டினால் போதும். இடிக்கும் தொகைக்குச் சம்பந்தப்பட்டவர் திருப்தியான கணக்குச் சொல்ல வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி கே. வீராசாமியின் வழக்கில், நீதிபதிகளும் இதற்கு விலக்கல்ல என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் இந்தப் பிரிவின் பலவீனமும் கணக்கில்தான் இருக்கிறது. அதை நாடே பார்த்தது, கோரமண்டல் ரயில் போய்ச் சேரும் அதே பெங்களூரில்.

ஜெயலலிதா முதல்வராக இருந்த 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை சேர்ந்த சொத்து பற்றிய வழக்கு அது. குற்றச்சாட்டு 66.65 கோடி ரூபாய். அவர் மீண்டும் முதல்வரானதால் தமிழகத்தில் நியாயமான விசாரணை நடக்காது என்று தி.மு.க.வின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போக, 2003 நவம்பரில் வழக்கு கர்நாடகத்துக்கு மாறியது. 2014 செப்டம்பர் 27-ல் தனி நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தார்.

2015 மே 11-ல் கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பு எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. வருமானத்தை மிஞ்சிய சொத்து 2.82 கோடி, அதாவது 8.12 சதவீதம்தான் என்றார் நீதிபதி சி.ஆர். குமாரசாமி. பத்து சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற வாதத்துக்கு 1977-ல் வந்த அக்னிஹோத்ரி வழக்குத் தீர்ப்பு துணை நின்றது. நால்வரும் விடுதலை. பட்டாசுச் சத்தம் அடங்குவதற்குள் சிலர் கால்குலேட்டரை எடுத்தார்கள். தீர்ப்பிலேயே ஓர் அட்டவணை: வங்கிக் கடன்கள் பத்து, கூட்டுத்தொகை 24.17 கோடி. வரிசையாகக் கூட்டிப் பார்த்தால் வருவதோ 10.67 கோடி. பதின்மூன்றரை கோடி எங்கிருந்தோ முளைத்திருந்தது! அதை வருமானத்தில் கழித்தால் மிஞ்சிய சொத்து 16.32 கோடியாகி, விகிதம் 76 சதவீதத்தைத் தாண்டுகிறது. பள்ளிப் பிள்ளை கூட்டுகிற கணக்கு.

உச்ச நீதிமன்றம் இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டி, 2017 பிப்ரவரி 14-ல் தனி நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது. சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரும் சிறை சென்றனர். ஆனால் முதல் எதிரி 2016 டிசம்பர் 5-லேயே மறைந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. சோதனை நடந்த 1996-க்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே இருபது ஆண்டுகள் ஓடியிருந்தன.

2018-ல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. இப்போது, வேண்டுமென்றே முறைகேடாகச் சொத்துச் சேர்த்திருக்க வேண்டும் என்ற வாசகம் சேர்ந்திருக்கிறது. கணக்குச் சொல்ல முடியாவிட்டால் அந்த எண்ணம் இருந்ததாகவே கொள்ளப்படும் என்ற விளக்கமும் கூடவே இருக்கிறது.

பறிமுதலான நகைகள் பெங்களூரிலேயே அரசுக் காவலில் கிடந்தன. கோலார் சுரங்கத்தின் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சுமார் 3 கிராம் தங்கம்தான் தேறியது. அந்த அளவில் பார்த்தால், 27 கிலோவுக்கு 9,000 டன் பாறை உடைக்க வேண்டும். 2025 பிப்ரவரியில், 27 கிலோவுக்கு மேற்பட்ட அந்தத் தங்க நகைகள் தமிழக அதிகாரிகளிடம் எடை பார்த்து ஒப்படைக்கப்பட்டன.