வாங்குவோர் தடமும் வணிகத் தளமும்

முன்னுரை

வாடிக்கை என்னும் சொல் வழக்கம் என்னும் பொருளைத் தருவது. ஒரு கடைக்கு வழக்கமாக வருபவரை வாடிக்கையாளர் என்கிறோம். அவருடைய வழக்கத்தை அறிந்தவரே நல்ல வணிகர். கடைத்தெருவில் இவ்வறிவு நேரில் கண்டும் பேசியும் பெறப்படுகிறது. இணையத்தளத்திலோ வாங்குபவரின் முகத்தை வணிகர் காண்பதில்லை. அவர் விட்டுச் செல்லும் தடங்களையே காண்கிறார். வணிகத் தளத்தை அமைப்பதில் இத்தரவு எவ்வாறு பயன்படுகிறது, அதன் எல்லை யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தரவின் வகைகள்

நுகர்வோர் தரவை இரு வகையாகப் பகுக்கலாம். ஒன்று, நுகர்வோர் தாமே எழுதித் தருவது: பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்றவை. மற்றொன்று, அவர் தளத்தில் நடந்துகொள்ளும் முறையால் புலப்படுவது: எதைத் தேடினார், எவ்விடத்தில் வாங்காமல் விலகினார், கைப்பேசியில் பார்த்தாரா கணினியில் பார்த்தாரா என்பன. தளத்தின் அமைப்பைத் திருத்த இரண்டாம் வகையே மிகுதியும் உதவுகிறது. கடைக்காரர் ‘காலணிகள்’ என்று தலைப்பிட்டிருக்க, வருவோர் பலரும் ‘செருப்பு’ என்று தேடுவராயின், எச்சொல்லை இடவேண்டும் என்பதைத் தேடற்பதிவே உணர்த்திவிடும். பணம் செலுத்தும் பக்கம்வரை வந்தவர்களுள் பலர் அங்கேயே திரும்புவராயின், குறை பொருளில் அன்று, அப்பக்கத்தில் உள்ளது என ஐயுறலாம்.

ஒரு பொத்தான் தந்த பாடம்

இதற்குத் தக்க சான்றொன்றை அமெரிக்கத் தள வடிவமைப்பு ஆய்வாளர் ஜேரட் ஸ்பூல் 2009ஆம் ஆண்டில் எழுதினார். கடையின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. அத்தளத்தில் பொருளைத் தேர்ந்தெடுத்தவர், பணம் செலுத்துமுன் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் தந்து தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. மறுமுறை வாங்குவோர்க்கு இது எளிதாக இருக்கும் என அமைத்தோர் எண்ணினர்.

வாங்குவோரை உடனிருந்து கண்டபோது உண்மை வேறாக இருந்தது. புதியவர்கள் பதிவு செய்ய வெறுப்புற்றனர். பழையவர்களோ தாம் தந்த முகவரியையும் கடவுச்சொல்லையும் மறந்திருந்தனர். தளத்தின் பதிவேடுகளும் இதனை உறுதிப்படுத்தின. வாடிக்கையாளருள் 45 விழுக்காட்டினர் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளை வைத்திருந்தனர். நாள்தோறும் 1,60,000 பேர் கடவுச்சொல்லைக் கேட்டனர். அவர்களுள் 75 விழுக்காட்டினர் அதன்பின் வாங்கி முடிக்கவே முயலவில்லை.

‘பதிவு செய்க’ என்றிருந்த பொத்தானை நீக்கி, ‘தொடர்க’ என்னும் பொத்தானை வைத்தனர். வாங்குவதற்குப் பதிவு தேவையில்லை என்றும் அருகில் எழுதினர். வாங்குவோர் எண்ணிக்கை 45 விழுக்காடு உயர்ந்தது. முதல் ஆண்டில் கூடுதலாகக் கிடைத்த விற்பனை 30 கோடி டாலர்.

இந்நிகழ்ச்சியில் ஊன்றி நோக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. வாங்குவோரைத் தடுத்து நிறுத்தியது, வாசலிலேயே விவரம் கேட்ட அந்தப் படிவம். அத்தடையைக் காட்டிக் கொடுத்தது, அவர்கள் விட்டுச் சென்ற தடம். தரவை வேண்டி வற்புறுத்துவது வேறு. கிடைத்த தரவைக் கருத்தோடு படிப்பது வேறு.

தரவின் எல்லை

நடத்தைத் தடங்களும் ஒருவரின் பெயரோடு இணையும்போது அவருடைய தனிப்பட்ட தரவாகிவிடுகின்றன. தனிமை அடிப்படை உரிமையே என இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2023இல் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவரின் இசைவைப் பெற்றுத் திரட்டும் தரவு குறித்த நோக்கத்திற்குத் தேவையான அளவினதாகவே இருத்தல் வேண்டும் என்பதும், அளித்த இசைவை அவர் திரும்பப் பெறலாம் என்பதும் அச்சட்டத்தின் இன்றியமையாக் கூறுகளாகும். சட்டம் வரையறுக்கும் இவ்வளவு, மேற்கண்ட கடையில் இலாபமும் வரையறுத்த அளவே என்பது கருதத்தக்கது. புடவையை அனுப்ப முகவரி வேண்டும். பிறந்த நாள் வேண்டுவதில்லை.

முடிவுரை

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் தமக்குரியதற்கு மேல் கொள்ளாத நேர்மையாளர் எனப் பட்டினப்பாலை போற்றுகிறது. பொருளுக்கும் விலைக்கும் அன்று அமைந்த அவ்வளவு, இன்று தரவுக்கும் பொருந்தும். தளம் அமைக்க விழையும் நம் மாணவர்கள் வருவோரின் தடத்தைக் கூர்ந்து நோக்குக. கேட்க வேண்டியதை மட்டும் கேட்க. பெற்றதை அடைக்கலப் பொருளெனக் காக்க. இவ்வாறு நடக்கும் வணிகரிடமே வாங்குவோர் மீண்டும் வருவர். வாடிக்கை என்பதும் அதுவே.