கரப்பானைக் கூட்டிப்போகும் குளவி

கதவு நிலையின் மூலையில் குளவி மண்கூடு கட்டும். உள்ளே போவது பச்சைப் புழு. சில வாரம் கழித்து வெளியே வருவது குளவி. கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கிவிடுகிறது என்று நம் முன்னோர் நம்பினார்கள். குருவிடம் சீடன் மாறுவதற்கு அதையே உவமையாகவும் சொன்னார்கள். எனக்கு அது முதல்தரமான அறிவியல் புனைகதைக் கருவாகப் படுகிறது. உண்மையில் நடப்பது வேறு. கொட்டி மரக்கவைத்த புழுவோடு தாய்க்குளவி ஒரு முட்டையையும் வைத்து மூடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு புழுவைத் தின்று வளர்கிறது.

அறிவியல் புனைகதை எழுதப் புதிய கரு கிடைக்கவில்லை என்று தவிப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வந்த நாவல்களிலும் படங்களிலும்தான் தேடுகிறார்கள். நான் உயிரியல் பக்கம் போகச் சொல்வேன்.

இந்தியாவிலும் காணப்படும் ஒரு பச்சைக் குளவி இருக்கிறது. மரகதம்போல மினுங்கும். கரப்பானை இரண்டு முறை கொட்டும். முதல் கொட்டு மார்பில்; முன்கால்கள் சற்று நேரம் செயலிழக்கும். இரண்டாவது கொட்டு நேராக மூளைக்குள். அதன்பின் கரப்பான் அரைமணி நேரம்போலத் தன் உடம்பைத் தானே துடைத்துக்கொண்டு நிற்கும். குளவி அதன் மீசையைப் பாதியில் நறுக்கி, கசியும் நீரைக் குடிக்கும். பிறகு மிச்ச மீசையைப் பற்றி இழுக்க, கரப்பான் கன்றுக்குட்டிபோலப் பின்னாலேயே வளைக்குள் நடந்துபோகும். குளவி அதன் காலில் ஒரு முட்டை வைத்து, வாசலைக் கல்லாலும் குப்பையாலும் மூடிவிடும்.

'ஜோம்பி' என்று உடனே தோன்றும். எல்லோருக்கும் தோன்றுவது அதுதான்; அதைத் தள்ளிவிட்டு இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கரப்பானுக்குக் கால் நன்றாகவே இருக்கிறது. நடக்கத் தெரியும். தானாகக் கிளம்பவேண்டும் என்ற எண்ணம் மட்டும் போய்விட்டது. இன்னொன்று: முட்டை வைக்காமல் விட்டால் ஒரு வாரம்போலக் கழிந்ததும் தெளிந்துவிடும்.

கதை இந்தச் சின்ன விவரங்களில்தான் இருக்கிறது. அடுத்து, இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, டாஸ்மேனியாவின் பழங்குடிகளை ஆங்கிலேயர் அழித்ததைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸும் அவர் அண்ணனும் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். வேற்றுக்கிரகத்தார் வந்து இதையே நமக்குச் செய்தால் என்ற கேள்வி அந்தப் பேச்சில் எழுந்தது. 1898இல் புத்தகமாக வந்த 'உலகங்களின் போர்' நாவல் அதிலிருந்து முளைத்ததுதான்.

குளவியையும் அப்படி நகர்த்தலாம். ஓர் ஊர். எல்லோருக்கும் கைகால் சுகம். ஆனால் யாரும் தானாக எங்கும் கிளம்புவதில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் ஆலைக்கு வருவார்கள். வாரத்துக்கொரு முறை ஊசி போட ஒரு நர்ஸ் வருகிறாள். அவளுடைய அம்மாவும் அந்த ஊரில்தான் இருக்கிறாள். ஒரு வாரம் நர்ஸ் வரவில்லை.