இரண்டு தாழ்ப்பாள்கள்

செல்லின் கதை – 9

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்குள் எவ்வளவு வேலை நடக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். சுமார் 600 கோடி டிஎன்ஏ எழுத்துகளைப் பிரதியெடுக்க வேண்டும். 46 குரோமோசோம்களின் பிரதிகளையும் இரு பக்கமும் பிசகாமல் பங்கு போட வேண்டும். திருத்தும் ஏற்பாடுகள் எத்தனை இருந்தாலும் சில பிழைகள் தப்பிவிடும். பிளவுகள் கூடக்கூடப் பிழைகளும் சேர்ந்துகொண்டே போகும். பெரும்பாலான புற்றுநோய்கள் ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் தலைகாட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த விளக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கும் புற்றுநோய் வருகிறதே, பிழைகள் சேர அதற்கு நேரம் ஏது? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான், செல் பிளவுக்கும் மரபணுவுக்கும் புற்றுநோய்க்கும் இடையிலான உறவு முதன்முறையாகத் துல்லியமாகப் புரிந்தது.

கண்ணில் ஒரு வெண்மை

ரெட்டினோபிளாஸ்டோமா விழித்திரையில் வரும் புற்றுநோய். பிறக்கும் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடும். முதலில் கவனிப்பவர்கள் அநேகமாக வீட்டில் உள்ளவர்கள்தான். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னும். சில குழந்தைகளுக்கு மாறுகண் முதல் அறிகுறியாக இருக்கும்.

இந்த நோய் இரண்டு விதமாக வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே கவனித்திருந்தார்கள். சில குழந்தைகளுக்கு இரண்டு கண்களிலும் வரும், ஒரே கண்ணில் பல கட்டிகள்கூட இருக்கும், முதல் பிறந்தநாளை ஒட்டியே தெரிந்துவிடும். அவர்களில் சிலருடைய அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறுவயதில் இதே நோய் வந்திருக்கும். மற்றக் குழந்தைகளுக்கு ஒரு கண்ணில், ஒரே ஒரு கட்டி, சற்றுத் தாமதமாக வரும். குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்காது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இரண்டு கட்டிகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே நோய் ஒரு வீட்டில் பரம்பரையாகவும் இன்னொரு வீட்டில் தற்செயலாகவும் வருவது எப்படி?

நோயேடுகளில் கிடைத்த விடை

அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் இருந்த குழந்தை மருத்துவர் ஆல்ஃபிரெட் நுட்சன் இந்தப் புதிரைக் கையில் எடுத்தார். அப்போது மரபணுவைப் பிரித்துப் படிக்கும் கருவிகள் கிடையாது. அவரிடம் இருந்தவை 1944 முதல் 1969 வரை அந்த மருத்துவமனைக்கு வந்த 48 குழந்தைகளின் நோயேடுகளும் வரைபடத்தாளும்தான்.

எந்த வயதில் எத்தனை குழந்தைகளுக்கு இன்னும் நோய் கண்டறியப்படவில்லை என்பதை அவர் மடக்கை அளவில் குறித்துக்கொண்டே போனார். இரண்டு கண்ணிலும் நோய் வந்தவர்களின் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. மீதமிருப்பவர்களில் ஒவ்வொரு மாதமும் ஒரே விகிதத்தினருக்கு நோய் வருகிறது என்பது அதன் பொருள். ஒரே ஒரு தற்செயல் நிகழ்வுக்காகக் காத்திருக்கும்போது கிடைக்கும் கோடு இது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களின் கோடு வளைந்தது. முதலில் மெதுவாகச் சரிந்து பிறகு வேகமெடுத்தது. இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து நேர வேண்டியிருந்தால்தான் அப்படி வளையும்.

1971இல் அவர் வெளியிட்ட முடிவு இது: இந்தக் கட்டி உருவாக எப்போதும் இரண்டு பிழைகள் தேவை. பரம்பரையாக வரும் குழந்தைகளுக்கு முதல் பிழை கருவிலேயே, எல்லாச் செல்களிலும் இருக்கிறது. மற்றக் குழந்தைகளுக்கு இரண்டு பிழைகளும் ஒரே செல்லில், ஒன்றன்பின் ஒன்றாக நேர வேண்டும்.

மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள் போட்ட கதவை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடமிருந்து வந்த மரபணுப் பிரதி ஒரு தாழ்ப்பாள், அம்மாவிடமிருந்து வந்தது இன்னொன்று. ஒன்று கழன்றாலும் மற்றொன்று கதவைப் பிடித்துக்கொள்ளும். பரம்பரைப் பிழையோடு பிறந்த குழந்தையின் விழித்திரையிலோ லட்சக்கணக்கான கதவுகள், ஒவ்வொன்றிலும் ஒற்றைத் தாழ்ப்பாள். அவற்றில் ஏதோ சில கதவுகளில் அதுவும் கழன்றுவிட வாய்ப்பு மிக அதிகம். அப்படிப்பட்ட குழந்தைக்குச் சராசரியாக மூன்று கட்டிகள் வரும் என்று நுட்சன் கணக்கிட்டார். சராசரி மூன்று என்றால், நிகழ்தகவுக் கணக்கின்படி நூற்றுக்கு ஐந்து பேர் ஒரு கட்டிகூட இல்லாமல் தப்பிவிடுவார்கள். தாத்தாவுக்கு வந்த நோய் அப்பாவை விட்டுவிட்டுப் பேரனுக்கு வரும் குடும்பங்களின் மர்மம் இந்தக் கணக்கில் விலகியது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. குடும்ப மரத்தைப் பார்த்தால் ஒரு பிழையான பிரதி வந்தாலே நோய் வருவதுபோலத் தெரியும். செல்லுக்குள் பார்த்தால் இரண்டு பிரதிகளும் போக வேண்டும். பெற்றோர் கொடுப்பது புற்றுநோயை அல்ல. அது நேர்வதற்கு இன்னும் ஒரே ஒரு பிழை போதும் என்ற நிலையைத்தான்.

இரண்டாவது எப்படிக் கழல்கிறது?

1983இல் வெப்ஸ்டர் கேவனி, தாடியஸ் டிரைஜா, ரேமண்ட் ஒயிட் ஆகியோரின் குழு, குழந்தைகளின் இரத்தத்தையும் கட்டியையும் ஒப்பிட்டது. இரத்தச் செல்களில், இந்த நோயோடு தொடர்புடைய 13ஆம் குரோமோசோமின் இரண்டு வெவ்வேறு பிரதிகள் இருந்தன. பல கட்டிகளிலோ நல்ல பிரதியைக் காணோம். பிழையான பிரதி மட்டுமே மிஞ்சியிருந்தது.

நல்ல பிரதி எங்கே போயிற்று? செல் பிளவின்போது பங்கு பிரிப்பதில் தவறு நேர்ந்து, நல்ல குரோமோசோம் ஒரு மகள் செல்லுக்கு வராமலே போயிருக்கலாம். இரண்டு குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டபோது நல்ல துண்டு கைமாறியிருக்கலாம். இரண்டாவது பிழை பல நேரங்களில் டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறுவதால் வருவதில்லை. பிளவு எனும் வேலையிலேயே ஏற்படும் பிசகால் வருகிறது. மரபணு கொடுத்த பாதிப் பிழையைச் செல் பிளவு முழுமையாக்கிவிடுகிறது.

1986இல் அந்த மரபணுவே பிடிபட்டது. ராபர்ட் வெய்ன்பெர்க்கின் ஆய்வகத்தில் ஸ்டீஃபன் ஃபிரெண்டும், அவர்களுடன் டிரைஜாவும் சேர்ந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் ஆர்பி1. அது தயாரிக்கும் புரதத்தின் வேலை, செல் தன் டிஎன்ஏவைப் பிரதியெடுக்கத் தொடங்கும் வாசலில் நிற்பது. பிரதியெடுப்பைத் தொடங்கி வைக்கும் இ2எஃப் என்ற புரதங்களை அது இறுகப் பிடித்து வைத்திருக்கும். வளர்ச்சிக்கான சமிக்ஞை வந்தால் சிடிகே4, சிடிகே6 என்ற நொதிகள் ஆர்பி புரதத்தின் மேல் பாஸ்பேட்டுகளை ஒட்டும். பிடி தளரும், இ2எஃப் விடுபடும், செல் பிளவு தொடங்கும். ஆர்பி அறவே இல்லாத செல்லுக்கு எந்தச் சமிக்ஞையும் தேவையில்லை.

உடலின் எல்லாச் செல்களிலும் பிழை இருக்க, கண்ணில் மட்டும் ஏன் முதலில்? விழித்திரையை உருவாக்கும் முன்னோடிச் செல்கள் கருவிலும் குழந்தைப் பருவத்தின் தொடக்கத்திலும் வேகமாகப் பெருகுகின்றன. முதிர்ந்தபின் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. இரண்டாவது பிழைக்கான வாய்ப்பு அந்தச் சில ஆண்டுகளோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஆனால் பரம்பரைப் பிழை உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் எலும்புப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம், குறிப்பாக எலும்புகள் வேகமாக வளரும் பதின்பருவத்தில். கதிர்வீச்சுச் சிகிச்சை டிஎன்ஏவை மேலும் சிதைக்கும் என்பதால், இவர்களுக்கு அதை முடிந்தவரை தவிர்க்கிறார்கள்.

அபூர்வ நோய் கற்றுத்தந்த பொதுப்பாடம்

குழந்தைகளின் அபூர்வ நோயில் கண்டுபிடித்த இதே மரபணுதான் பெரியவர்களின் நோய்களிலும் அகப்பட்டது. புகைபிடிப்பவர்களுக்கு அதிகம் வரும் சிறு செல் நுரையீரல் புற்றுநோயில், கிட்டத்தட்ட எல்லாக் கட்டிகளிலும் ஆர்பி1 பறிபோயிருக்கிறது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயில் வழியே வேறு. அங்கே மரபணு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஹெச்பிவி வைரஸின் இ7 என்ற புரதம் ஆர்பி புரதத்தைப் பிடித்து முடக்கிவிடும். எந்த வழியில் போனாலும் முடிவு ஒன்றே: பிளவைத் தடுக்க ஆள் இல்லை. அந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி ஒரு புற்றுநோயைத் தடுப்பது எப்படி என்று வியப்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது.

சில மார்பகப் புற்றுநோய்களில் ஆர்பி சரியாகவே இருக்கும். அதன் பிடியைத் தளர்த்தும் சிடிகே நொதிகள்தான் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நொதிகளை அடக்கும் பால்போசிக்ளிப் என்ற மருந்துக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டியில் ஆர்பியே இல்லையென்றால் இந்த மருந்து பலிக்காது.

யார் பக்கத்துக் குறை?

நம் வீடுகளில் ஒரு குழந்தைக்கு ரெட்டினோபிளாஸ்டோமா கண்டதும் எழும் முதல் கேள்வி, சொந்தத்தில் கல்யாணம் செய்ததாலா என்பது. இல்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பிழை சேர்ந்து வந்தால்தான் தோன்றும் நோய்களுக்கே உறவுமுறைத் திருமணம் ஆபத்தைக் கூட்டும். ஆர்பி1இல் ஒருவரிடமிருந்து வந்த ஒரு பிழையே போதும்.

அடுத்த கேள்வி, யார் பக்கத்திலிருந்து வந்தது? பழி பெரும்பாலும் அம்மாவின் மேல் விழும். ஆனால் பிறவிப் பிழையோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோருக்கு அந்தப் பிழையே இருப்பதில்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவானபோது அது புதிதாக நேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட புதுப் பிழைகள் தந்தையிடமிருந்து வந்த பிரதியிலேயே அதிகம் காணப்படுகின்றன. இதற்கும் காரணம் செல் பிளவுதான். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே ஏறக்குறைய எல்லாப் பிளவுகளையும் முடித்துவிடுகின்றன. விந்தணுவைத் தரும் செல்களோ பருவம் எய்தியபின் ஆண்டுக்குச் சுமார் 23 முறை பிரிந்துகொண்டே இருக்கின்றன. இதில் அப்பாவையும் குற்றம் சொல்ல முடியாது.

மரபணுப் பரிசோதனை எதற்கு என்றால், அடுத்து செய்ய வேண்டியதைத் தெரிந்துகொள்ளத்தான். ஒரு கண்ணில் மட்டும் நோய் வந்தவர்களிலும் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் பிறவிப் பிழை உள்ளவர்கள். அவர்களுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்ல ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. நோய் வந்த குழந்தையின் தம்பி தங்கைகளுக்குப் பிழை இருப்பது தெரிந்தால் பிறந்த நாளிலிருந்தே கண்களைக் கண்காணிக்கலாம். இல்லை என்று தெரிந்தால் மயக்கமருந்து கொடுத்துத் திரும்பத் திரும்பச் சோதிக்கும் துன்பம் அந்தக் குழந்தைக்கு மிச்சம். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகளில் இந்த நோய்க்குச் சிகிச்சை உண்டு. நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில், தொடக்கத்திலேயே கண்டறியப்பட்ட குழந்தைகளில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பிழைத்துவிடுகிறார்கள். ஆகவே, குழந்தையின் கண்மணியில் வெண்மை தெரிந்தால் ‘போட்டோ சரியாக விழவில்லை’ என்று விட்டுவிடாமல் அதே வாரம் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், பெற்றோரிடமிருந்து வந்த வலுவான மரபணுப் பிழையால் ஏற்படுபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். மீதியில் பிழைகள் எல்லாம் நம் வாழ்நாளில், நம் செல்கள் பிரியும்போது சேர்பவை. புகையிலை, வெயில், வைரஸ் போன்றவை அவற்றை விரைவுபடுத்துகின்றன.

ஆர்பி பிளவு தொடங்கும் இடத்தில் நிற்கிறது. பிரதியெடுத்தபின் பிழை இருப்பது தெரிந்தால் செல் என்ன செய்யும்? திருத்தப் பார்க்கும், முடியாவிட்டால் தன்னையே அழித்துக்கொள்ளும். அந்த ஆணையைப் பிறப்பிக்கும் பி53 என்ற புரதத்துக்கான மரபணு மனிதனிடம் இரண்டு பிரதிகளாகவும் யானையிடம் சுமார் இருபது ஜோடிப் பிரதிகளாகவும் இருக்கிறது. அவ்வளவு பெரிய உடம்பு கொண்ட யானைக்குப் புற்றுநோய் ஏன் அரிதாக வருகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)